எனக்குப் பிடித்த தடைகள்

கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி மேடையில் பேசி நான் வாங்கிய கைத்தட்டல்களில் பாதியாவது எனக்குச் சேர வேண்டியதில்லை. இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், தமிழ் வாத்தியாருக்கு மறுத்துப் பேசவா சொல் பஞ்சம்? பணி ஓய்வுக்குப் பிறகு பழைய தாள்களைப் பிரித்து அடுக்கியபோது, மாணவனாக இருந்த காலத்தில் நான் எழுதிய துண்டறிக்கை ஒன்றும், 2015இல் ஒரு கண்டனக் கூட்டத்தில் பேசுவதற்காக எடுத்த குறிப்பு ஒன்றும் அகப்பட்டன. இரண்டுமே ஒரு திரைப்படத்தோடு தொடர்புள்ளவை. துண்டறிக்கையில் அந்தப் படத்தைத் திரையிடவே கூடாது என்கிறேன். குறிப்பில், அந்தப் படத்துக்காக எழுதப்பட்ட தீர்ப்பைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன். நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. இதற்குள் என் மனம் மாறியிருந்தால் குற்றமில்லை. மனம் மாறவில்லை என்பதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படம் 'ஒரே ஒரு கிராமத்திலே'. இன்றைய பிள்ளைகள் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கதை கவிஞர் வாலி. பார்ப்பன வீட்டுப் பெண் ஒருத்தி வேறு சாதிச் சான்றிதழோடு அரசு அதிகாரியாகிறாள். பிறகு உண்மை வெளியே வருகிறது. இட ஒதுக்கீட்டைச் சாதி பார்த்துக் கொடுக்காதே, வறுமை பார்த்துக் கொடு என்பது படம் சொல்லவந்த சேதி. தணிக்கையில் முதலில் பார்த்த குழு சான்றிதழ் மறுத்தது. மறுசீராய்வுக்குப் போய், உறுப்பினர்கள் இரண்டுபட்டு நின்று, 1987 டிசம்பரில் ஒருவழியாக 'யு' சான்றிதழ் கிடைத்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. எங்கள் விடுதியில் அன்று ஆளுக்கொரு டீ என் செலவு.

படத்தை நான் பார்த்திருக்கவில்லை. என்னோடு இருந்த ஒருவரும் பார்த்திருக்கவில்லை. தணிக்கைக் குழுவையும் நீதிபதிகளையும் தவிர வேறு யார் பார்த்திருக்க முடியும்? ஆனாலும் துண்டறிக்கையில் காட்சி காட்சியாகக் கண்டித்திருக்கிறேன். 'இந்தப் படம் வெளிவந்தால் நாடு பற்றி எரியும்' என்று ஒரு வரி. எரியும் என்று எழுதியவன் எச்சரிக்கை செய்வதாகத்தான் நினைத்தேன். இப்போது படித்தால் மிரட்டல் போல இருக்கிறது. உண்மையில் மிரட்டல்தான்.

1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. ரங்கராஜன் எதிர் ஜகஜீவன் ராம். ரங்கராஜன் படத்தின் தயாரிப்பாளர். ஊர்வலம் போவார்கள், கலவரம் வரும் என்று காரணம் காட்டிப் பேச்சை அடக்கினால், சட்டத்தின் ஆட்சியை மிரட்டலுக்கு அடகு வைப்பதாகும் என்றது நீதிமன்றம். எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது; பாதுகாப்புக் கொடுப்பது அதன் கடமை. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு எங்கோ தொலைவில் இருந்தால் போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் பொறி விழுவது போல நேரடியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தியாவில் இதற்குப் பிறகு படத்துக்கோ புத்தகத்துக்கோ தடை என்று எந்த வழக்கு வந்தாலும், பேச்சுரிமைக்காக வாதாடுபவர் முதலில் கையில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். அது வந்த அன்று நாங்கள் டெல்லியைத் திட்டிவிட்டு வகுப்புக்குப் போனோம்.

2014 டிசம்பர் 26 அன்று திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாக'னைக் கொளுத்தினார்கள். நாவல் வெளிவந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் யாருக்கும் புண்படாத மனம், சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்த பிறகு புண்பட்டது. ஜனவரி 9 கடையடைப்பு. ஜனவரி 12 நாமக்கல்லில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில், அமைதிப் பேச்சு என்ற பெயரில் நாவலாசிரியரிடம் மன்னிப்பும் வாக்குறுதியும் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். எங்கள் கொங்கு வட்டாரத்தில் எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அது முகத்தில் விழுந்த அறை. கண்டனக் கூட்டங்கள் நடந்தன. ஒன்றில் நானும் பேசினேன்.

நன்றாகவே பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். 'நாவலைப் படிக்காமலே கொளுத்துகிறார்கள்' என்று எகிறினேன். அடுத்து ரங்கராஜன் வழக்கு. ஆண்டு சொன்னேன், தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜகந்நாத ஷெட்டியின் பெயரைச் சொன்னேன், வெடிமருந்துப் பீப்பாயைச் சொன்னேன். அந்த இடத்தில்தான் கைத்தட்டல். படத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மறதி இல்லை. குறிப்பில் பெயரை எழுதி, அடித்திருக்கிறேன். சொன்னால் முன்வரிசையில் இருந்த என் வயதுத் தோழர்களில் யாராவது 'ஏன் சார், அதை எதிர்த்து நாமதானே நோட்டீஸ் அடிச்சோம்?' என்று கேட்டுவிடக்கூடும்.

திருச்செங்கோட்டில் ஜெராக்ஸ் கொடுத்தவர்கள் சில பக்கங்களையாவது படித்திருந்தார்கள். நான் ஒரு சட்டகம்கூடப் பார்த்தவன் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கே ஒரு வேகம் வந்து, எந்தெந்தத் தடையின்போது நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். 2006இல் 'தி டாவின்சி கோட்' படத்தைத் தமிழக அரசு தடை செய்தபோது, கண்டித்து எழுதினேன். உயர் நீதிமன்றம் தடையை நீக்கியதும் மகிழ்ந்து இன்னொன்று எழுதினேன். அதில் எனக்கு ஒரு செலவும் இல்லை. என் வீட்டில் கிறித்தவர்கள் இல்லை, வாட்டிகன் என் சம்பளத்தை நிறுத்தப் போவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2005இல், திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஓர் இதழில் குஷ்பு சொன்னதற்காகத் துடைப்பமும் செருப்புமாகத் தெருவில் இறங்கினார்கள். வழக்குகள் ஊர் ஊராகக் குவிந்தன. 23 புகார்கள் என்பது உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு. அத்தனையையும் 2010 ஏப்ரலில் அது தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நான் எழுதியது ஒரு வரி இல்லை. 'நடிகைக்காகப் பேசுவது நம்ம வேலையா?' என்று டீக்கடையில் கேட்டது நினைவிருக்கிறது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்த்தவர்களில் பலர் தமிழ், தமிழ்ப் பண்பாடு என்று பேசுகிறவர்கள், நாளைக்கு என்னோடு மேடையில் உட்கார்பவர்கள். அது மட்டும்தான் காரணம்.

2011 நவம்பரில் 'டேம் 999'. முல்லைப் பெரியாறு கொதித்துக்கொண்டிருந்த நேரம். அணை உடையும் படம் வந்தால் கேரளத்தில் பீதி கூடும், தேனிக்கும் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகும் தண்ணீருக்கு ஆபத்து என்று அரசு தடை போட்டது. சீனாவில் 1975இல் உடைந்த அணைதான் தன் படத்துக்குத் தூண்டுதல் என்று இயக்குநர் சொன்னதை நாங்கள் யாரும் நம்பத் தயாராக இல்லை. தடையை வரவேற்று எழுதினேன். வாழ்வாதாரம் என்ற சொல்லை அந்தக் கட்டுரையில் எத்தனை இடத்தில் போட்டிருக்கிறேன் என்று பார்த்தால் எனக்கே கூசுகிறது. ஒரு படம் பார்த்து அணையின் நீர்மட்டத்தை யாரும் முடிவு செய்யப் போவதில்லை. அது நீதிமன்றத்திலும் பொறியாளர் குழுவிலும் முடிவாகும் விஷயம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

2012தான் என் கணக்கில் மிக மோசமான ஆண்டு. மே மாதம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த சங்கரின் கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் வெடித்தது. அரசியல் சட்டம் நத்தையாக ஊர்கிறது. அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு. பின்னால் நேருவும் சாட்டையோடு. 1949இல் வரைந்தது. பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அலுவலகத்தை உடைத்தார்கள். அடுத்த மாதமே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் ஆர். கே. லட்சுமண் வரைந்த இந்தி எதிர்ப்புச் சித்திரம் தமிழ்நாட்டில் பிரச்சினையானது. போராடும் மாணவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்று கேலி. அதை நீக்கக் கோரிய அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது.

பாடநூல் வேறு, பத்திரிகை வேறு என்று ஒரு வாதம் உண்டு. அதை இன்றும் நான் முழுதாகக் கைவிடவில்லை. பத்திரிகை பிடிக்காவிட்டால் மூடிவைக்கலாம். பாடநூலை அரசு கையில் திணிக்கிறது, தேர்வு எழுத வேண்டும். சேரியிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, அம்பேத்கர்மேல் சாட்டை ஓங்கிய படத்தை மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கும்போது என்ன செய்யும்? வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்றவன் நான். அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். ஆனால் லட்சுமண் படத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டபோது இந்த வாதமெல்லாம் என் மனத்தில் இல்லை. என் பெரியப்பா 1965இல் சிறைக்குப் போனவர். அவரைப் படிக்காதவர் என்று ஒருவன் கேலி செய்துவிட்டான் என்ற ஆத்திரம், அவ்வளவுதான். ஆத்திரம் நியாயமானது. அதைப் போக்கிக்கொள்ள அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னதற்கு என்ன நியாயம்? அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே 1965ஐப் பற்றி ஒரு வாரம் பாடம் நடத்தியிருக்கலாம். வேறெந்தப் பக்கமும் அவ்வளவு தோதாக அமைந்திருக்காது.

அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. சாதி மாறி நடந்த ஒரு திருமணம் காரணமாயிற்று. அதற்கு முந்தைய மாதங்களில் கலப்பு மணத்துக்கு எதிராக வட மாவட்ட மேடைகளில் என்னென்ன பேசப்பட்டது என்பது ஊரறிந்த கதை. அப்போது நான் என்ன எழுதினேன் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ஒரு கேலிச்சித்திரத்தைக் கண்டு பதறியவன், தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டும் வாய் திறக்கவில்லை. என் தீர்ப்பு சொன்ன வெடிமருந்துப் பீப்பாய் எங்காவது நிஜமாக இருந்தது என்றால் அங்கேதான் இருந்தது.

வாங்குவதற்கு ஒரு படி, அளந்து போடுவதற்கு ஒரு படி வைத்திருக்கும் தானியக் கடைக்காரர்களை எங்கள் ஊர்ச் சந்தையில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தாங்கள் செய்வது திருட்டு என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

மேடையில் நான் விரும்பிச் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைச் சென்னை மாகாண அரசு தன் எல்லைக்குள் விடாமல் தடுத்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டு 1950 மே மாதம் வென்றார். அந்த வெற்றியும் அதே சமயத்தில் வந்த வேறு சில தீர்ப்புகளும் பொறுக்காமல், 1951இல் முதல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, பொது அமைதி என்ற காரணத்தைப் பிரிவு 19(2)இல் சேர்த்தார்கள். அடுத்து, திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வை மனத்தில் வைத்து 1963இல் பதினாறாம் திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்பவையும் பேச்சுரிமைக்கு வரம்புகளாயின. இந்திய மக்களின் வாய்க்கு மாட்டிய கடிவாளத்தில் இரண்டு வார் நம் மாகாணத்தை முன்னிட்டுத் தைத்தவை என்று முடிப்பேன். கூட்டம் ஆரவாரிக்கும். வரலாறு சரிதான். ஆனால் 'டேம் 999' தடையை வரவேற்றபோது நான் நம்பியிருந்தது அதே பொது அமைதியைத்தான். அந்த வார்கள் நம் கைக்கு வந்த நாளில் அவை நமக்குப் பிடித்துப்போயின.

எல்லையே வேண்டாம் என்று சொல்கிறவனாக நான் இப்போதும் ஆகிவிடவில்லை. தெருவில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துகிறவனை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிடிக்க வேண்டும். பெண் பத்திரிகையாளருக்கு 'வீட்டுக்கு வருவோம்' என்று எழுதுகிறவனுக்குப் பேச்சுரிமை கிடையாது. அந்த வீதிக்குப் போய்க் கொளுத்து என்று மேடையில் கைகாட்டுகிறவனுக்கும் கிடையாது. இவற்றில் குறிப்பிட்ட ஒரு மனிதருடைய உயிர், உடம்பு, தெருவில் நடக்கும் உரிமை ஆகியவை பணயத்தில் இருக்கின்றன. நான் தடை கேட்ட இடங்களில் பணயத்தில் இருந்தது என் பெருமிதம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்று எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். கடினமான இடங்கள் இருக்கின்றன. பாடநூல் அப்படி ஒன்று. ஆனால் என் பட்டியலில் மற்றவை கடினமானவை அல்ல. கொளுத்துகிறவன் யார், கொளுத்தப்படுகிறவன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் நான் கொள்கையைத் தேடினேன். பெருமாள்முருகன் விஷயத்தில்கூட, எதிரே நின்றவர்கள் என் அரசியலுக்கு எதிரிகளாக அமைந்தது என் அதிர்ஷ்டம். அவர் எனக்குப் பிரியமான ஒரு தலைவரைப் பற்றி நாவல் எழுதி அதற்காக இந்தப் பாடு பட்டிருந்தால், அன்றைக்கு என் குறிப்பில் ரங்கராஜன் வழக்கு இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இதுவரை சொன்னது எல்லாம் கருத்துப் பிழை என்று கடந்துபோகலாம். அடுத்ததை அப்படிக் கடக்க முடியாது.

அப்போது நான் ஒரு சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். 2015 தொடக்கத்தில் பெருமாள்முருகனுக்கு ஆதரவாக முதல் பக்கத்தில் தலையங்கம் எழுதி இதழைத் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணிடமிருந்து சிறுகதை வந்தது. தேரோட்டத்தன்று வடம் பிடிக்க வந்த ஒரு தாத்தாவைத் தடுத்து நிறுத்தி, கூட்டத்தின் முன்னால் செருப்பைத் தலையில் வைத்து நடக்கச் செய்த கதை. நடுவில் ஒரு பத்தி. செய்தவர்களின் சாதி, தெரு, அவர்கள் வீட்டுத் திண்ணையின் நிறம்வரை அதில் இருந்தது. ஊர்ப் பெயரை மாற்றியிருந்தாலும் எங்கள் பக்கத்தில் யார் படித்தாலும் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். அது என் தெருவுக்கு அடுத்த தெரு. அந்தச் சாதி என் சாதி.

அச்சகத்துக்காரர் மெய்ப்பு பார்க்கும்போதே கேட்டார். "ஏனுங்க சார், இந்த நேரத்துல இதெல்லாம் நமக்கு வேணுமுங்களா?" இதழின் பின்னட்டை விளம்பரம் கொடுப்பவர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் தூரத்துச் சொந்தம். வீட்டில் மகளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி கதையைப் படிக்கவில்லை, நான் சொல்லக் கேட்டதோடு சரி. "புள்ளைக்கு ஒரு எடம் அமையற வரைக்கும் கொஞ்சம் பொறுங்களே" என்றாள். அவள்மேல் பழி போடவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்; அவள் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் கதையைச் சொன்னேன்.

பயமாக இருக்கிறது அம்மா, போட முடியாது என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்தால் அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். அவரும் வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார். நான் எழுதியது வேறு: 'கதையில் வடிவம் கைகூடவில்லை. உணர்ச்சி துருத்திக்கொண்டு நிற்கிறது. இன்னும் செதுக்க வேண்டும்.' ஆசிரியர்களுக்கும் விமர்சகர்களுக்கும் எப்போதும் கைகொடுக்கும் வாக்கியங்கள். எழுத்துச் சுதந்திரத்துக்காக முழங்கிய தலையங்கத்தோடு அந்த இதழ் வந்தது. கதை இருந்திருக்க வேண்டிய பக்கங்களில் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை.

சில ஆண்டுகள் கழித்து ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவரே என்னைத் தேடி வந்து தன் முதல் தொகுப்பைக் கொடுத்தார். அந்தக் கதையும் அதில் இருந்தது. "சார், வடிவம் சரியா வரலைன்னு எழுதியிருந்தீங்கல்ல? ரொம்ப நாள் அதையே நெனச்சுட்டு இருந்தேன். நடுவுல அந்தப் பத்திதான் துருத்திட்டு நின்னுச்சு. எடுத்துட்டேன் சார். இப்பப் படிச்சுப் பாருங்க" என்றார். நின்ற இடத்திலேயே புரட்டினேன். சாதி இல்லை, தெரு இல்லை, திண்ணை இல்லை. யாரோ ஒருவர் யாரையோ எங்கேயோ அவமானப்படுத்தும், யாரையும் உறுத்தாத ஒரு கதை. நாமக்கல்லில் எழுதி வாங்கிய வாக்குறுதி செல்லாது, யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு அது. பெருமாள்முருகன் மீண்டும் எழுத வந்தார். நான் எழுதி அனுப்பிய மூன்று வாக்கியங்களை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அது தடை என்றே அவருக்குத் தெரியாதே.

"இப்ப நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

அவருடைய கதையின் முதல் படி, அந்தப் பத்தியோடு, என்னிடம்தான் இருக்கிறது. தொகுப்பு மறுபதிப்பாகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் வைத்து அனுப்பியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் கட்டுரையை எழுதிவிட்டேன், இதைப் பத்திரிகைக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். இங்கே நான்கு பேர் என்ன நேர்மை என்று பாராட்டுவார்கள், அவர் திட்டுவார்.